கை இல்லாமல் ஒரு ஸ்கேன்

"அத்தான், இந்த அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் படிப்பு இருக்குல்லா, அது எனக்கு ஒத்துவருமா?"

என் மனைவியின் தங்கை கேட்டாள். இரவு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திருநெல்வேலியில் இயற்பியல் படித்துவிட்டு, கல்யாணமாகி டொராண்டோவுக்கு வந்தவள். இரண்டு வருடமாக ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். இனிமேல் பில் போட முடியாது என்று முடிவெடுத்துவிட்டாள்.

மென்பொருள்காரன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே பட்டியல். கூர்ந்த கவனம், பொறுமை, கனிவு, உடல் வலு, பிறரோடு சேர்ந்து வேலை செய்யும் மனப்பாங்கு. வாசித்துக் காட்டினேன். அதில் ஸ்கேன் என்ற சொல்லை எடுத்துவிட்டு பஸ் கண்டக்டர் என்று போட்டாலும் பொருந்தும். அவள் சிரித்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தாங்கல்லா ஒரு அம்மா, அவங்கள மாதிரி என்னால இருக்க முடியுமான்னுதான் யோசிக்கேன்" என்றாள். அடுப்படியில் தோசைக்கரண்டிச் சத்தம் ஒரு கணம் நின்றது.

அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது. மூன்று வருடங்களாக என் குழு எழுதிக்கொண்டிருப்பது, கர்ப்பகால ஸ்கேன் படத்தில் குழந்தையின் தலையையும் நீளத்தையும் தானாக அளக்கும் மென்பொருள். இந்த வேலையில் ஆகப் பலவீனமான கண்ணி மனிதக் கைதான், அதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்பது எங்கள் அலுவலகத்தில் யாரும் சொல்லாமலே எல்லாரும் நம்புகிற விஷயம். நானும் நம்பினேன். இவளுக்குப் பதில் சொல்வதற்காக அல்ட்ராசவுண்டின் வரலாற்றை வாசிக்க ஆரம்பித்தேன். அறுபது வருடத்துக்கும் முன்பே எங்களைப் போன்ற ஒருவர் இதே நம்பிக்கையோடு ஒரு இயந்திரம் செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

*

1955 ஜூலை 21. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள ரென்ஃப்ரூ. அங்கே பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் தொழிற்சாலை. இரண்டு கார்கள் வந்து நிற்கின்றன. டிக்கி நிறைய அறுவை சிகிச்சையில் எடுத்த கருப்பைக் கட்டிகளும் சினைப்பை நீர்க்கட்டிகளும். கொண்டுவந்தவர் இயான் டொனால்ட், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் மருத்துவராக இருந்தவர். ரேடார், சோனார் என்றால் அவருக்குத் தனிப் பைத்தியம். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் கணவர் அந்தத் தொழிற்சாலையில் இயக்குநர். அந்த வழியில் கிடைத்த அழைப்பு.

கொதிகலனின் இரும்பில், வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே மீயொலிக் கருவி வைத்திருந்தார்கள். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பு, விரிசலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத் திரையில் பார். டொனால்ட் கட்டிகளை அந்தக் கருவியின் முன்னால் வைத்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்கள். நீர்க்கட்டியின் எதிரொலி ஒரு மாதிரி, கெட்டிச் சதைக்கட்டியின் எதிரொலி வேறு மாதிரி. அன்று மாலை அவர் என்ன மனநிலையில் வீடு திரும்பியிருப்பார் என்று ஊகிக்கலாம். கையால் வயிற்றை அமுக்கிப் பார்த்தே காலம் தள்ளிய ஒரு மகப்பேறு மருத்துவருக்கு, தோலுக்கு அடியில் இருப்பது நீரா சதையா என்று தெரிவது சாதாரண விஷயமில்லை.

மருத்துவமனையில் அவர் வேலை செய்தது ஓர் ஓட்டைக் கருவியோடு. ஒலி காற்றைத் தாண்டாது என்பதால் கருவிக்கும் வயிற்றுக்கும் நடுவில் தண்ணீர் வேண்டும். நீர் நிரப்பிய ஆணுறையை வைத்துப் பார்த்தார், அடிப்பாகத்தில் ரப்பர் சவ்வு மாட்டிய பிளாஸ்டிக் வாளியை நோயாளியின் வயிற்றில் நிறுத்திப் பார்த்தார். நோயாளியும் கட்டிலும் நனைந்ததுதான் அடிக்கடி நடந்தது. இந்தச் சமயத்தில்தான் கெல்வின் அண்ட் ஹ்யூஸ் என்ற கருவி நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் பிரவுன், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், யாரோ ஒரு பேராசிரியர் உலோகச் சோதனைக் கருவியை மனிதர்கள்மேல் வைத்துப் பார்க்கிறாராம் என்று கேள்விப்படுகிறார். டெலிபோன் டைரக்டரியில் டொனால்டின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டுவிட்டார். கூச்சமில்லாத ஆள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தவர் அவர்தான்.

பிரவுன் 1957-ல் ஒரு ஸ்கேனர் செய்தார். மருத்துவமனைக் கட்டிலுக்கு மேல் வைக்கும் மேசை ஒன்றில் பொருத்தப்பட்ட சட்டம். தண்ணீர்த் தொட்டி வேண்டாம். வயிற்றில் ஆலிவ் எண்ணெயைத் தடவிவிட்டு, புரோபை நேரே தோலில் வைத்து, ஒரு விலாவிலிருந்து மறு விலா வரை கையால் நகர்த்த வேண்டும். புரோப் எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதைச் சட்டத்திலுள்ள மின்னணுப் பாகங்கள் திரைக்குச் சொல்லும். ஒவ்வொரு எதிரொலியும் அதற்குரிய இடத்தில் ஒரு புள்ளியாக விழும். கேமராவின் கண்ணைத் திறந்துவைத்துவிட்டு, புள்ளிகளெல்லாம் சேர்ந்து படமாகும்வரை காத்திருப்பார்கள்.

வயிற்றுப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை அவர்களிடம் காட்டினார்கள். வயிறு பெரிதாக ஊதியிருந்தது. ஸ்கேனில் தெரிந்தது ஒரு மாபெரும் நீர்க்கட்டி, தெளிவான சுவரோடு. திறந்து பார்த்தால் சினைப்பையில் தீங்கில்லாத கட்டி. எடுத்தார்கள், அவர் பிழைத்தார். 1958 ஜூன் 7 லான்செட் இதழில் டொனால்ட், ஜான் மெக்விக்கர், பிரவுன் மூவரும் எழுதிய கட்டுரை வந்தது. மகப்பேறு ஸ்கேனின் பிறந்தநாள் என்று அதைத்தான் சொல்வார்கள்.

*

இதற்குள் ஒரு சங்கடம் ஒளிந்திருந்தது. படத்தை வரைவது கை. புரோபை ஆட்டி ஆட்டி நகர்த்த வேண்டும்; ஓர் இடத்தில் கூடுதல் நேரம் நின்றால் அங்கே படம் வெளுத்துவிடும், அவசரப்பட்டு நகர்ந்தால் ஓட்டை விழும். ஒருவர் எடுத்த படம்போல் இன்னொருவர் எடுத்தது இருக்காது. அதைவிட மோசமான சந்தேகம்: எடுப்பவர் தான் பார்க்க நினைத்ததையே வரைந்துவிட்டால்?

அது வெறும் பயமில்லை. வியன்னாவில் கார்ல் டூசிக் என்ற நரம்பியல் மருத்துவர், இயற்பியல் படித்த தன் தம்பியோடு சேர்ந்து, தலையின் ஒரு பக்கம் மீயொலியை அனுப்பி மறுபக்கம் வாங்கிப் படமெடுத்து 1942-ல் வெளியிட்டார். மூளையின் உள்ளறைகள் தெரிகின்றன என்றார். பார்த்தவர்களுக்கும் தெரிந்தன. பத்து வருடம் கழித்து, 1952-ல், கூட்னர் என்பவரின் ஜெர்மானியக் குழு அதைச் சோதித்தது. மூளையே இல்லாமல், தண்ணீர் நிரப்பிய வெறும் மண்டையோட்டை வைத்து எடுத்தாலும் அதே மாதிரி படம் வருகிறது! எலும்பின் தடிமன் ஒலியை ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாகத் தடுத்ததில் விழுந்த நிழலைத்தான் மூளையென்று பார்த்திருக்கிறார்கள். டூசிக் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைத்தான் சொன்னார்.

கையை நம்பாமல் எடுப்பது எப்படி? அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் டக்ளஸ் ஹௌரி என்பவரின் குழு அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. பி-29 குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கிக் கூண்டு ஒன்றை வாங்கி, தண்ணீர் நிரப்பி, நோயாளியை அதற்குள் உட்கார வைத்தார்கள். மிதக்காமல் இருக்க ஈயக் கட்டிகள். புரோப் கூண்டைச் சுற்றிவரும், சீராக, ஒரு தடவைபோல மறு தடவை. படங்கள் அந்தக் காலத்துக்கு அற்புதமானவை. ஆனால், நடமாட முடியாத நோயாளியை எப்படித் தண்ணீரில் இறக்குவது? நிறைமாதக் கர்ப்பிணியை? 1960களின் தொடக்கத்தில் டென்வர்காரர்களும் தொட்டியை விட்டுவிட்டு, கையால் பிடித்து நகர்த்தும் புரோபுக்கு வந்து சேர்ந்தார்கள்.

டாம் பிரவுன் தேர்ந்தெடுத்த வழிதான் எனக்குச் சொந்தக் கதைபோல இருந்தது. தொட்டி வேண்டாம், தோலில் வைத்தே எடுப்போம். ஆனால் நகர்த்துவது கையாக இருக்க வேண்டாம். கட்டிலுக்கு மேல் ஒரு பெரிய சட்டகம். அதிலிருந்து இறங்கிவரும் தலை வயிற்றின் வளைவைத் தானே உணர்ந்து, தானே அழுத்தத்தைச் சரிசெய்து, குறிப்பிட்ட கோணத்துக்கு ஆடி ஆடி நகர்ந்து செல்லும். எடுப்பவரின் ஆசைக்கும் அவசரத்துக்கும் அதில் இடமில்லை. 1960-ல் லண்டனில் நடந்த மருத்துவ மின்னணுவியல் மாநாட்டில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். அதன் படங்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் எஞ்சினியராக, பொறாமை வருகிறது. 1960-ல், கணினி என்று சொல்லும்படி ஒன்றும் கையில் இல்லாத காலத்தில், அழுத்தத்தை உணர்ந்து வயிற்றைப் பின்தொடரும் ஓர் இயந்திரம்!

அந்த மாதிரியில் ஒன்றோடு சரி. பெரியது, விலை அதிகம். அடுத்ததாக ஸ்வீடனின் லுண்ட் நகரத்திலிருந்து வந்து பார்த்த பெர்டில் சுண்டேன் என்ற மருத்துவருக்காக நிறுவனம் செய்துகொடுத்தது கையால் இயக்கும் ஸ்கேனரைத்தான். அதன் வழியில் வந்த டயாசோனோகிராஃப்தான் விற்பனையானது. அதிலும் புரோபைப் பிடித்தது கைதான். பிரவுன் விடவில்லை, 1970களில் வேறொரு நிறுவனத்தில் முப்பரிமாண ஸ்கேனர் ஒன்றைச் செய்தார். அதுவும் சந்தையில் தோற்றது. அவர் அந்தத் துறையைவிட்டே போய்விட்டார்.

ஏன் தோற்றது என்பதற்குப் பணம், அளவு, காலம் என்று காரணங்கள் உண்டு. அவை உண்மையே. ஆனால், நான் வாசித்தவரை இன்னொன்றும் இருப்பதாக நினைக்கிறேன். சீராக நகர்வது வேறு, தேடுவது வேறு.

*

தேடுவது என்றால் என்ன என்று கொழுந்தியாளுக்கு விளக்கப் பார்த்தேன். புரோப் காட்டுவது மெல்லிய ஒரு வெட்டுமுகம் மட்டும்தான். கேக்கை நடுவில் வெட்டியதுபோல் ஒரு சீவல். அந்தச் சீவலைத் திரையில் பார்த்துக்கொண்டே, முழுக் கேக்கும் மனதுக்குள் எழ வேண்டும். கல்லீரல் எங்கே முடிகிறது, பித்தப்பை எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது, இப்போது மணிக்கட்டை இரண்டு டிகிரி சாய்த்தால் எது வரும். கை நகரும், கண் திரையில் இருக்கும். கையை யாரும் பார்ப்பதில்லை. இருட்டில் பூட்டுக்குள் சாவியை விடுபவர் விரலால் பார்க்கிறார் இல்லையா, அதுமாதிரி.

"எனக்கு மேப் பார்த்தாலே வழி தெரியாதே அத்தான்" என்றாள். நியாயமான பயம்தான். ஆனால், அவள் அரைக்கிலோ வெங்காயத்தை டிவி பார்த்துக்கொண்டே பொடிப்பொடியாக நறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். சொன்னதற்கு முறைத்தாள்.

அடுத்தது, பிழையைப் படிப்பது. இயந்திரம் சில பொய்களை உண்மையென்று வைத்துக்கொண்டுதான் படமே போடுகிறது. உடம்புக்குள் ஒலி எங்கும் விநாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகிறது என்பது ஒரு பொய். கொழுப்பில் அதைவிட மெதுவாகப் போகும். ஒலி நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் திரும்புகிறது என்பது இன்னொன்று. எதிரொலி 13 மைக்ரோ விநாடி தாமதித்து வந்தால் 1 சென்டிமீட்டர் ஆழத்தில் ஏதோ இருக்கிறது என்று இயந்திரம் கணக்குப் போட்டுப் புள்ளி வைத்துவிடும். அது உண்மையில் அங்கே இருக்கிறதா என்பது இயந்திரத்தின் கவலையில்லை. உதரவிதானம் கண்ணாடிபோல வேலைசெய்து, கல்லீரலில் இருக்கும் ஒன்றை நுரையீரலிலும் காட்டும். டூசிக்கின் பேய் இன்னமும் எல்லா ஸ்கேன் அறைகளிலும் உட்கார்ந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், தேர்ந்தவர்கள் அந்தப் பிழைகளை வைத்தே நோயைப் பிடிக்கிறார்கள். பித்தப்பைக் கல்லை உறுதிசெய்வது கல்லைவிட அதன் பின்னால் விழும் கருநிழல். நீர்க்கட்டி என்று நம்பவைப்பது அதற்குப் பின்னால் தெரியும் கூடுதல் வெளிச்சம். நீர் ஒலியைக் குறைக்காமல் அனுப்பிவிடுவதால் வருவது. நிழல் நிஜமா என்று பார்க்க நோயாளியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். கல்லென்றால் உருளும். ஒட்டிக்கொண்டிருக்கும் சதையென்றால் உருளாது. அதுவரை படத்தை நம்பாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் மென்பொருளுக்கு யாரையும் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லத் தெரியாது.

உடம்பைத் தன் வழிக்குக் கொண்டுவருவதும் இந்தத் தேடலில் சேர்த்திதான். ஸ்கேனுக்குப் போகுமுன் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் முட்ட, காலை ஆட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறோமே, அதற்குக் காரணமும் டொனால்ட்தான். காற்று நிறைந்த குடல் கருப்பைக்கு முன்னால் வந்து மறைத்துவிடும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலைத் தள்ளிவிட்டு, ஒலிக்கு ஒரு தண்ணீர் ஜன்னலைத் திறந்துவிடும். 1963 வாக்கில் இது பிடிபட்ட பிறகுதான் மிக இளம் கர்ப்பத்தைக்கூட அவர்களால் பார்க்க முடிந்தது.

தோள்பட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கையை உடலிலிருந்து விலக்கி நீட்டி, அழுத்தி, நாள் முழுக்க. இந்த வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் தோள்வலி, கழுத்துவலி, மணிக்கட்டு வலியோடுதான் வேலை செய்கிறார்கள். சேர்க்கைக் கையேடுகளில் உடல் வலு என்று ஒரே வார்த்தையில் வருவது இதுதான்.

*

ஆரம்பத்தில் புரோபைப் பிடித்தவர்கள் மருத்துவர்கள்தான். மருத்துவரல்லாதவர் கைக்கு அது எப்படிப் போனது? இதயத்தின் வழியாக. லுண்டில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் கப்பல் கட்டும் தளத்திலிருந்து இரவல் வாங்கிய உலோகச் சோதனைக் கருவியை வைத்து 1953-ல் துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவுசெய்தார்கள். (கொதிகலன், கப்பல், குண்டுவீச்சு விமானம். இந்தத் துறையின் பூர்வீகமே பழைய இரும்புக்கடை.) அமெரிக்காவின் இண்டியானாவில் ஹார்வி ஃபைகன்பாம் 1960களில் அதைப் பிடித்துக்கொண்டார். விலா எலும்புகளின் இடுக்கில் புரோபை வைத்து வால்வைத் தேடிக்கொண்டே இருக்க மருத்துவர்களுக்கு நேரம் இல்லை. மருத்துவரல்லாதவர்களைப் பயிற்றுவித்தார். முதலில் சார்ல்ஸ் ஹெய்ன், பிறகு சோனியா சாங். சோனியா சாங் பிற்பாடு இந்தத் தொழிலுக்கான பாடநூல் ஒன்றையே எழுதினார்.

1970-ல் இவர்களைப் போன்றவர்கள் அமெரிக்காவில் சங்கம் அமைத்தார்கள். முதல் தலைவர் ஜோன் பேக்கர் என்ற பெண்மணி. 1975-ல் தேர்வும் பதிவும் வந்தன. டெக்னீஷியன் என்ற பெயரை உதிர்த்துவிட்டு சோனோகிராஃபர் என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். கௌரவத்துக்காக மட்டும் இல்லை. எக்ஸ்ரேயில் எடுப்பவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர் என்று பிரித்துவிடலாம். இங்கே பார்க்கத் தெரியாதவரால் எடுக்கவே முடியாது. எடுப்பவர் நிறுத்திவைத்த சில டஜன் படங்கள்தான் ரேடியாலஜிஸ்டுக்குப் போகும். நிறுத்தாமல் கடந்து போனது யாருக்கும் தெரியப்போவதில்லை.

நம் ஊரில் இந்தத் தொழிலை ஏன் நாங்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை என்று அவள் கேட்டாள். அங்கே ஸ்கேன் என்றால் டாக்டரே எடுப்பார். கர்ப்ப ஸ்கேனைப் பொறுத்தவரை அதற்குச் சட்டமே காரணம். பெண் சிசுவைக் கருவிலேயே கண்டுபிடித்து அழித்ததால் 1994-ல் கொண்டுவரப்பட்ட சட்டம், ஸ்கேன் எந்திரத்தைப் பதிவுக்குள் வைத்தது, புரோபை மருத்துவர் கையில் மட்டும் கொடுத்தது, பாலினத்தைச் சொல்வதைக் குற்றமாக்கியது. ஒரு கருவியைக் கண்டு ஒரு சமூகமே தன்னைப் பயந்துகொண்டதன் அடையாளம்தான் ஸ்கேன் சென்டர் சுவரில் நாம் பார்த்து வளர்ந்த அந்த அறிவிப்புப் பலகை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது எங்கள் ஊரில் சட்டம்.

இங்கேயும் சட்டம்தான், வேறு விதத்தில்.

*

2021. என் மனைவிக்குப் பதினோராவது வாரம். இங்கே வழக்கம் என்னவென்றால், முதலில் கணவரை வெளியே உட்காரவைத்துவிடுவார்கள். எல்லாம் எடுத்து முடித்த பிறகு கூப்பிட்டுக் குழந்தையைக் காட்டுவார்கள். நான் போனில் வீடியோ எடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். கொழுந்தியாளும் கூட வந்திருந்தாள்.

இருபது நிமிடம் ஆனது. கதவு திறந்தது. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மா வெளியே வந்தார், எங்களைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தார், பக்கத்து அறைக்குள் போனார். வேறொருவரை அழைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார். இன்னும் பத்து நிமிடம். என்னைக் கூப்பிடவில்லை. என் மனைவி வெளியே வந்தபோது, "ஒண்ணும் சொல்லல. டாக்டர் கூப்பிடுவாங்களாம். திரும்பத் திரும்ப அளந்துக்கிட்டே இருந்தாங்க" என்றாள். நான் அந்த அம்மாவிடம் கேட்டேன். இதயத்துடிப்பு இருந்ததா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "உங்கள் டாக்டர் இன்றைக்கே பேசுவார்" என்றார். என் மனைவியின் தோளில் கை வைத்தார். அவ்வளவுதான்.

அன்று மாலை நான்கு மணிக்கு டாக்டர் பேசினார்.

அந்த முகத்தின்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. புகார்க் கடிதம்கூட எழுதினேன், அனுப்பவில்லை. ஒண்டாரியோவில் நோய்முடிவைச் சொல்வது சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட செயல், சோனோகிராஃபருக்கு அதற்கு அதிகாரமில்லை என்பது பிறகு தெரிந்தது. தெரிந்தும் கோபம் போகவில்லை. சட்டம் முகத்தையுமா கல்லாக்கச் சொல்கிறது?

இந்த வாசிப்பின் நடுவில்தான் 7 மில்லிமீட்டரைப் பற்றிப் படித்தேன். கருவின் நீளம் எவ்வளவு இருந்து துடிப்பு இல்லையென்றால் கர்ப்பம் நின்றுவிட்டது என்று முடிவுசெய்வது? பிரிட்டனில் முன்பு அந்த எல்லை இன்னும் சிறியதாக இருந்தது. ஒரே கருவை இரண்டு பேர் அளந்தால் அளவு கணிசமாக மாறுகிறது, அந்த வித்தியாசத்துக்குள் உயிருள்ள கருவும் சிக்கிவிடலாம் என்று ஆய்வுகள் காட்டியபின், 2011-ல் எல்லையை 7 மில்லிமீட்டருக்கு உயர்த்தினார்கள். இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் அதையொட்டிய நடைமுறை.

அந்த அம்மா திரும்பத் திரும்ப எதை அளந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏன் பக்கத்து அறைக்குப் போனார் என்பதும்.

மறுநாள் அலுவலகத்தில் எங்கள் மென்பொருளில் ஒரு சோதனை ஓட்டினேன். கரு சாய்வாக வெட்டுப்பட்ட படங்களை மட்டும் பொறுக்கிக் கொடுத்தேன். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை துல்லியமாக அளந்து தந்தது, தவறான தளத்தை. இன்னொரு தடவை அளந்து பார்க்கலாமா என்று அது கேட்கவில்லை. பக்கத்து அறைக்குப் போகவும் இல்லை. 1968-ல் ஸ்டூவர்ட் கேம்பெல் குழந்தையின் தலையை அளக்கும் முறையைச் செம்மைப்படுத்தியபோது அவர் தீர்க்க முயன்ற சிக்கலும் இதுதான். அளவுகோலை வைப்பதற்கு முன்னால், சரியான குறுக்குவெட்டுக்கு வந்து சேர்வது.

கையை அகற்றுவதற்கான முயற்சி முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அது பொய்யாகிவிடும். 2020 பிப்ரவரியில், புரோபை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று திரையில் வழிசொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. முன்பின் ஸ்கேன் செய்து பழக்கமில்லாத 8 செவிலியர்கள் அதை வைத்து 240 நோயாளிகளின் இதயத்தைப் படமெடுத்தார்கள். இதயத்தின் அளவு, இயக்கம் போன்ற அடிப்படைக் கேள்விகளுக்குப் பெரும்பாலான படங்கள் போதுமானவையாக இருந்தன. டாம் பிரவுன் இருந்து பார்த்தால் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால், அவர் செய்ததற்கு நேர் எதிராகத்தான் இது நடந்திருக்கிறது. அவர் இயந்திரத்தை நகரவிட்டுக் கையை எடுத்தார். இது கையை அங்கேயே வைத்துக்கொண்டு அதற்குச் சொல்லித் தருகிறது. இதயத்தின் அளவு என்ன என்று கேட்டால் பதில் வரும். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில், போகிற வழியில் கல்லீரலில் கண்ணில்படும் ஒரு புள்ளி, இப்போதைக்கு நிறுத்திப் பார்க்கிற ஒருவரிடமிருந்துதான் வரும். இப்போதைக்கு என்றுதான் சொல்கிறேன். என் சம்பளம் வருவதே அந்தப் பக்கத்திலிருந்து.

*

அவள் சேர்ந்துவிட்டாள். நான் சொன்னதைக் கேட்டுச் சேர்ந்தாளா, கேட்காமல் சேர்ந்தாளா என்று தெரியாது. முதல் பருவத்தில் சக மாணவர்களின் கழுத்தையும் வயிற்றையும் மாற்றி மாற்றி ஸ்கேன் செய்தார்கள். அடுத்த பருவத்தில் வெளியாட்கள் வேண்டும் என்றாள். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு நான் படுத்திருந்தேன். நோய் எதையும் தேட மாட்டோம், எதையும் சொல்ல மாட்டோம் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சந்தேகப்படும்படி ஏதாவது கண்ணில்பட்டால் ஆசிரியையிடம் போகும், அவர் வழியாகத்தான் என் டாக்டருக்குப் போகும்.

ஜெல் குளிர்ந்திருந்தது. ஆரம்பத்தில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள், வீட்டில் அக்கா என்ன சமையல் என்றெல்லாம். விலாவுக்குக் கீழே புரோபை வைத்து அழுத்தியதும் பேச்சு நின்றுவிட்டது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். கண் திரையில் இருந்தது. மணிக்கட்டு மெதுவாகச் சாய்ந்தது, நின்றது, மறுபடி சாய்ந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். விசைப்பலகையில் இடது கை எதையோ நிறுத்தி, அளந்து, விட்டு, திரும்ப அளந்தது.

"என்ன, ஏதாவது தெரியுதா?" என்றேன்.

முகம் அசையவில்லை.

"அத்தான், மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க" என்றாள். பிடித்தேன். "விடுங்க. இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க."

ஒருக்களித்துப் படுத்தேன். சுவர்தான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் ஆசிரியையின் காலடி வந்து நின்றது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவள் குரல்:

"காலையில வெறும் வயித்துல வரச் சொன்னேன்லா. காபி குடிச்சீங்களா?"